நோயும் இரமண மகரிஷிகளும்

தெமோதரைப் புகையிரத நிலையத்துக்குச் சற்று மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் என் தமையனாரின் இல்லம் இருக்கின்றது. எல்லவிலிருந்து பதுளையை நோக்கி இறங்கும் வண்டி அந்நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றை வட்டமாகச் சுற்றி, சற்று முன்னர்த் தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட சுரங்கத்தினுட் புகுந்து செல்லும். அந்த ஓசையைக் கேட்டே நேரம் அறிந்து பல்லாண்டு காலம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னவர் அவர். எழுபதைக் கடந்துவிட்ட அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியிலே புற்றுநோய் தோன்றி, இப்பொழுது எலும்புகளிலும் பரவியிருக்கின்றது. அந்நோயை வளர்க்கும் சுரப்பிநீரை அடக்குதற்கு இட்ட ஊசிகள் பயன் தந்த காலமும் கழிந்துவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும் கீமோதெரபி மருந்தை ஏற்பதா, அன்றி வலியை மாத்திரம் தணித்துக்கொண்டு இருப்பதா என்பதை நோயாளரே சொல்லவேண்டும் என்று டாக்டர் பொறுமையோடு விளக்கினார். அம்மருந்து நோயை வேரோடு களையாது, சிறிது காலம் தடுத்து நிறுத்தலாம், வலியைக் குறைக்கலாம், அயர்வையும் வேறு துன்பங்களையும் தரவுங்கூடும்.

பிள்ளைகள் யாவரும் ஏற்கவே வேண்டும் என்று ஒருமுகமாக நின்றனர். தமையனார் வாய் திறக்கவில்லை. வீடு வந்து சேர்ந்து, தேநீர் அருந்தி முடித்த பின்னர், என்னைத் தம்மருகே அமரச் சொன்னார். இரமண மகரிஷிகளின் கையிலே வந்த கட்டியைப் பற்றி நான் அறிந்தவற்றையெல்லாம் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுமாறு கேட்டார். எங்கள் பாட்டனார் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரொன்றிலிருந்து இம்மலைநாட்டுக்குக் கூலியாக வந்தவர். ஆதலால், திருச்சுழியிற் பிறந்த அம்மகானின் படம் எங்கள் லயத்து அறைச் சுவரில் எப்பொழுதும் தொங்கிக்கொண்டிருக்கும். அன்று மாலை தமையனாருக்குச் சொல்லியவற்றையே ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகின்றேன்.

பாண்டி நாட்டுத் தலமாகிய திருச்சுழியிலே, 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்திரா தரிசன காலத்தில், சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் இரண்டாம் மகவாகப் பிறந்தவர் வேங்கடராமன். தந்தையார் அவ்வூரில் வழக்குரைத்துப் பிழைத்தவர். 1892இல் அவர் இறந்துபடவே, மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையிலே சிற்றப்பன் சுப்பையரின் வீட்டிற் புகலடைந்தனர். வேங்கடராமன் ஸ்கொட் பாடசாலையிலும் பின்னர் அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலையிலும் பயின்றான். படிப்பில் முதன்மையான மாணவன் என்று சொல்ல இடமில்லை. உடல் வலிமையும் விளையாட்டில் விருப்பும் மிக்கவன். பெரியபுராணம் கைக்குக் கிட்டியபோது, அடியார்களின் வரலாறு அவன் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சிற்றப்பன் வீட்டு மேல்மாடியில் தனியே இருந்தபொழுது, நோயெதுவும் இல்லாதிருந்தும், தான் சாகப் போகின்றேன் என்னும் பேரச்சம் அப்பதினாறு வயதுச் சிறுவனைப் பற்றிக்கொண்டது. அவன் எவரையும் கூவி அழைக்கவில்லை. கைகால்களை நீட்டிப் பிணம்போற் கிடந்து, மூச்சையும் அடக்கி, இறப்பது எது என்று தன்னுள்ளேயே ஆராய்ந்தான். இவ்வுடம்பு கட்டையாகிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப்படும். அதனோடு நானும் அழிவேனோ என்பதே அவன் தன்னைக் கேட்ட வினா. உடம்பு வேறு, நான் என்று விளங்குவது வேறு என்னும் தெளிவு அப்பொழுதே அவனுக்கு வாய்த்தது. அத்தெளிவு அதன்பின் நீங்கவேயில்லை என்று அவரே பிற்காலத்திற் கூறியிருக்கின்றார்.

ஆறு வாரங்கள் சென்றன. ஆகஸ்ட் 29ஆம் நாள், தமையன் நாகசுவாமியின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காகத் தரப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, திருவண்ணாமலையை நாடிப் புறப்பட்டான். கல்லூரியில் இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அந்தச் சீட்டு எப்பொழுதும் வியப்பைத் தருவது. அது நான் என்னும் தன்மையிடத்தில் தொடங்குகின்றது. அடுத்த வாக்கியத்திலேயே நான் மறைந்து, இது என்னும் அஃறிணைச் சுட்டு வந்துவிடுகின்றது. ஈற்றிலே கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மாத்திரமே உள்ளது. உயர்திணை மாந்தரின் உறுப்புகளுக்கு அஃறிணை வினை கொடுப்பது தமிழ் வழக்கு. கை வலிக்கின்றது, கண் சிவந்தது என்றே எல்லாரும் பேசுகின்றோம். அச்சிறுவனோ முழு உடம்பையும் அவ்வழக்கினுள் அடக்கிவிட்டான். ஐம்பத்துமூன்று ஆண்டுகளின் பின் அறுவை மருத்துவர்கள் அவர்முன் வந்து நின்றபோது நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இந்தச் சீட்டிலே கிடக்கின்றது என்பது என் கருத்து.

செப்டெம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர், எஞ்சிய காசையும் குளத்தில் எறிந்துவிட்டு, ஆயிரக்கால் மண்டபத்திலும் அதன் கீழுள்ள பாதாளலிங்கக் குகையிலும் அசைவற்று இருந்தார். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதும் அவருக்குத் தெரியவில்லை. கண்டவர் தூக்கி வெளியே கொணர்ந்தனர். உடம்பை இவ்வாறு மறந்திருந்தது தொடக்க காலத்து நிலை மாத்திரமே. மலைமேல் விரூபாட்ச குகையில் தங்கிய காலத்திலும், 1916 முதல் ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்த காலத்திலும், அவர் நடந்தார், பேசினார், சமைத்தார், நூல் கற்றார், வந்தவர்களின் ஐயங்களைத் தீர்த்தார். 1907இல் அவரைக் கண்டு தெளிவடைந்த காவியகண்ட கணபதி சாஸ்திரிகளே பகவான் இரமண மகரிஷி என்னும் பெயரை வழங்கினார். அக்ஷரமணமாலை, உபதேச உந்தியார், உள்ளது நாற்பது என்பன அவர் தமிழுக்கு அளித்த செல்வங்கள்.

உடம்பைப் பொருட்படுத்தாதவர் என்பதனால் நோயுற்றோர் துயரையும் பொருட்படுத்தாதவர் என்று எவரேனும் எண்ணுவாராயின், அது பெரும் பிழை. 1914இல் தம்மைக் காண வந்த அன்னையார் கடுஞ்சுரத்தில் விழுந்தபோது, இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தவர் அவரே. அன்னையின் சுரத்தைத் தணிக்குமாறு அருணாசலேசுவரரை வேண்டிச் செய்யுள்களும் பாடினார். அன்னையார் பிழைத்தெழுந்தார். தமக்கென ஒன்றும் வேண்டாதவர், தாயின் உடம்புக்காக வேண்டினார். 1922 மே 19ஆம் நாள் அன்னையாரின் இறுதி வேளை வந்தபோதோ, வேறொன்றும் வேண்டாமல், அவர்தம் மார்பிலும் தலையிலும் கைவைத்தபடி பல மணி நேரம் உடனிருந்தார். காக்கக்கூடிய காலத்திற் காக்க முயல்வதும், விடவேண்டிய காலத்தில் உடனிருந்து விடுவதும் ஆகிய இரண்டையும் அவர் அறிந்திருந்தார். அன்னையின் சமாதியைச் சூழ்ந்தே மலையடிவாரத்து இரமணாசிரமம் எழுந்தது.

அவ்வாசிரமத்தினுள் 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்வர் புகுந்து, அவரைத் தொடையில் அடித்தனர். அடியார்கள் கழியெடுத்துச் சினந்து எழுந்தபோது, அவர் தடுத்துவிட்டார். காயம் பட்ட ஏனையோருக்கு மருந்திடச் செய்தார். பந்தியில் எல்லார்க்கும் இடுவதையே தமக்கும் இடவேண்டும் என்பதிலும், தம்மைக் காண வருபவரை எக்காலத்தும் தடுத்தல் ஆகாது என்பதிலும் அவர் ஓரணுவும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த இரண்டாவது உறுதி நோய்க்காலத்திற் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று.

1948ஆம் ஆண்டின் இறுதியில், இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டியொன்று தோன்றியது. வலியில்லை, பட்டாணியளவே இருந்தது. 1949 பெப்ருவரியில் ஆசிரமத்து மருத்துவர் அதனை அறுத்து நீக்கினார். ஒரு திங்கள் கழிவதற்குள் அதே இடத்தில் மீண்டும் முளைத்தது. மார்ச்சு மாத இறுதியிலே சென்னையிலிருந்து பெயர்பெற்ற அறுவை மருத்துவர் வந்து, இன்னும் ஆழமாக அறுத்தார். திசுவைச் சோதித்தபோது அது சார்க்கோமா என்னும் கொடிய புற்றென்று தெரியவந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தனர். புண் ஆறவில்லை. தோளோடு கையை முற்றாக வெட்டி நீக்கினாலன்றி உயிர் தங்காது என்பது மருத்துவர்களின் முடிவு.

இவ்விடத்திலேதான் அவர் மறுத்தார். இவ்வுடம்பே ஒரு நோய், அதற்கு இயற்கையாய் நேரும் முடிவு நேரட்டும், அதனை ஏன் சிதைக்கவேண்டும் என்பது அவர் கூறிய விடையின் கருத்து. புண்ணைக் கழுவிக் கட்டினாலே போதும் என்றார். மருத்துவர்களோடு அவர் வாதிடவில்லை. அவர்களது கல்வியை இகழவுமில்லை.

பலரும் இதனை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு, மகரிஷிகள் சிகிச்சையை வெறுத்தவர் என்று பேசுகின்றனர். நடந்தது அதுவன்று. கையை வெட்டற்க என்று மறுத்தவர், அதன் பின்னரும் ஆகஸ்ட் மாதத்தில் மூன்றாம் அறுவையையும், டிசம்பரில் நான்காம் அறுவையையும் ஏற்றுக்கொண்டார். இடையிலே பச்சிலைச் சாறு கொண்டுவந்தவரின் சாற்றையும் ஏற்றார். நான்காம் அறுவையின் பின் மேற்கொண்டு செய்வதற்கில்லை என்று அறுவை மருத்துவர்கள் கைவிட்டபோது, ஹோமியோபதி மருத்துவரையும் ஆயுர்வேத வைத்தியரையும் அடியார்கள் அழைத்து வந்தனர். அவர்கள் தந்தவற்றையும் அவர் தள்ளவில்லை. தமக்குச் சிகிச்சை வேண்டும் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை, வேண்டுவோர் அடியார்களே, ஆகவே எது செய்வதென்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். தம்மைக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றே சொல்வதாகவும் மறைக்காமல் உரைத்தார்.

இதனை நான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. அறுவைகளின் வேதனையைத் தாங்கியவர் அவர். அவற்றால் ஆறுதல் பெற்றவர்கள் மற்றவர்கள். சூழ இருந்தோர் செயலற்று நின்று காண்பது அவர்களுக்கு ஆற்றொணாத் துன்பம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர்களின் அன்பு ஏதேனும் செய்யவேண்டும் என்று துடித்தது. அத்துடிப்புக்குத் தம் கையைக் கொடுத்தார். ஆயினும் அதற்கும் ஓர் எல்லை வகுத்தார். இந்த எல்லைவரை உங்களுக்காக, இதற்கு அப்பால் இல்லை என்று அமைதியாய்ச் சொல்லும் வல்லமை அவரிடம் இருந்தது. நோயாளர் தம் எல்லையைச் சொல்லுதற்கும், சுற்றத்தார் அதனைக் கேட்டு அடங்குதற்கும் வேண்டிய துணிவு ஒன்றே எனக்கு இவ்வரலாற்றிற் பெரிதாகத் தோன்றுகின்றது.

வலியே இல்லாதவர்போல் அவர் நடித்ததுமில்லை. வலி உண்டு என்றே கூறினார். தவ வலிமையினால் நோயைப் போக்கிக்கொள்ளும்படி அடியார் பலர் அழுது வேண்டினர். இவ்வுடம்பின்மேல் ஏன் இத்துணைப் பற்று, போகட்டும் விடுங்கள் என்பதாகவே அவர் விடை இருந்தது. தம்மை விட்டுப் போகின்றாரே என்று கதறியோர்க்கு, தாம் போவதற்கு வேறிடம் எங்கே உள்ளது என்று கேட்டார். அறுவை நடந்த நாள்களிலும் தம்மைக் காண வந்தோரைத் திருப்பி அனுப்ப அவர் இசையவில்லை. 1950 ஏப்ரலில் மண்டபத்துக்கு நடந்து வரவும் இயலாமற் போயிற்று. அப்பொழுது அவர் கிடந்த சிற்றறையின் வாயிலை வரிசையாய்க் கடந்து சென்று மக்கள் கண்டு வணங்கினர். அந்த வரிசையை நிறுத்த அவர் இறுதிவரை உடன்படவில்லை.

ஏப்ரல் 13ஆம் நாள், நுரையீரலிற் சேர்ந்த நெருக்கத்தைத் தணிக்க மருத்துவர் ஒருவர் மருந்து கொண்டுவந்தார். அது வேண்டா, இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று மறுத்துவிட்டார். மறுநாள், தம்மைப் பேணிய தொண்டரை நோக்கி, ஆங்கிலத்தில் நன்றி கூறும் சொல்லொன்றைச் சொன்னார். தொண்டர்க்கு அது விளங்கவில்லை. ஆங்கிலேயர் அவ்வாறு சொல்லுவர், நாம் சந்தோஷம் என்கின்றோம் என்று சிரித்தபடி விளக்கினார். நன்றி என்னும் சொல் நம் பழைய நூல்களில் ஒருவர் செய்த நன்மையையே குறிக்கும். ஆதலாலேதான் வள்ளுவர் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர் அமைந்தது. பெற்றவர் வாயாற் கூறும் சொல்லாக அது பெருகியது பிற்கால வழக்கு. உயிர் நீங்கும் நாளிலும் சொல்லின் நுட்பத்தில் அவர் உள்ளம் சென்றது. தமக்குக் கால் பிடித்துவிட்ட ஒருவருக்கு உரியதைச் சொல்லாமற் போகக்கூடாது என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

மாலை சாய்ந்தது. தம்மை நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். மூச்சு இடைவிட்டு வந்தது. மருத்துவர் ஒருவர் பிராணவாயுவைச் செலுத்தத் தொடங்கவே, வலக்கையை மெல்ல அசைத்து அதனை விலக்கினார். வெளியே அடியார்கள் அக்ஷரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அவ்வொலி கேட்டுக் கண்களைச் சிறிதே திறந்தார். கடைக்கண்களில் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு அடங்கியது. அவ்வேளையில் வானத்திற் பேரொளியொன்று மெல்ல நகர்ந்து மலையின் பக்கமாக மறைந்ததைப் பலர் கண்டனர். ஆசிரமத்திலே தங்கியிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரேஸ்ஸோன் அவர்களுள் ஒருவர்.

இதுவரை சொல்லி நிறுத்தியபின், தமையனாருக்கு மற்றொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. மகரிஷிகளின் நோய் வேறு, இது வேறு. 1949இல் மருத்துவர்கள் கையில் இருந்தவை கத்தியும் ரேடியமும் மாத்திரமே என்று சொல்லலாம். புரோஸ்டேட் புற்றுநோய் ஆண்மைச் சுரப்பிநீரை உண்டு வளர்வது என்பதனையும், அதனைத் தடுத்தால் நோய் ஒடுங்கும் என்பதனையும், சிக்காகோவிலே சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941இற் காட்டினார். 1966இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார். அவ்வழி அடைபட்ட பின்னரும் ஆயுளைச் சிறிது நீட்டித்து வலியையும் தணிக்க வல்லது டோசிடாக்செல் என்னும் மருந்து என்பது 2004இல் வெளியான ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. அதன்பின் வேறு மருந்துகளும் வந்துள்ளன. ஆதலால், மகரிஷிகள் கையை வெட்ட மறுத்ததைக் காட்டி, பயன் தரக்கூடிய மருந்தைத் தள்ளுவது அவர் வழியைப் பின்பற்றுவதாகாது. அதே போல, மருந்து இருக்கின்றது என்பதொன்றைக் கொண்டே ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்று ஒரு முதியவரை நெருக்குவதும் அறமாகாது. பயன் என்ன, துன்பம் என்ன, எஞ்சிய காலத்தை எதற்காகக் கழிக்க விரும்புகின்றோம் என்பவற்றை எண்ணிப் பார்த்து, நோயாளர் தாமே பேசவேண்டும்.

தமையனார் நெடுநேரம் வாளா இருந்தார். சுவரிலிருந்த படத்தை அவர் நோக்கவில்லை. கீழே நிலையத்துக்கு வந்து நின்ற வண்டியின் விளக்கையே நோக்கிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகளை அழைத்தார். முதல் இரண்டு தடவை மருந்தை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதன்பின் நோய் சிறிதேனும் அடங்கியதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லுவதை முதலிலே தமக்குச் சொல்லவேண்டும். தம்மிடம் ஒன்றையும் மறைக்கலாகாது என்றார். போதும் என்று தாம் சொல்லும் நாளில் எவரும் அழுது தடுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். மூத்த மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் சிறிது நேரத்தின் பின் அதற்கு இசைந்தான்.

இன்னுமொரு நிபந்தனையும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மாலையில் அவர் திண்ணைக்கு வந்து தமிழ் படிக்கின்றனர். மருந்து ஏற்றிய நாள்களில் அவர்களை நான் பார்த்துக்கொள்ளவேண்டும். மற்ற நாள்களில் அவர்களைத் திருப்பி அனுப்புதல் ஆகாது என்றார். அதற்கு நான் உடன்பட்டேன். வருகின்ற செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் அவரை முதல் மருந்துக்காகப் பதுளைக்கு அழைத்துச் செல்கின்றேன்.